திரைக்குப் பின்னால் பட்டம் பேசாது

அமெரிக்காவின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்களில் ஓர் இடம் காலியானால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிடுகிறார்கள். ஆடிஷன் நடக்கும் மேடையில் திரை கட்டியிருப்பார்கள். வாசிப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியக் கூடாது. காலடி ஓசைகூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பல இடங்களில் தரைவிரிப்பு போடுகிறார்கள். விண்ணப்பத்தோடு படிப்பு விவரம் போவது உண்மைதான். ஆனால் வில் தந்தியில் பட்டபிறகு, அந்தக் கலைஞர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதற்கு மதிப்பே இல்லை.

இசையில் பட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் யோசிக்க வேண்டியது இதைத்தான். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பட்டம்தான் தொழில் செய்யும் உரிமை. வயலின் வாசிப்பவருக்கு அப்படியில்லை. அவர் காசு கொடுத்து வாங்குவது ஓர் ஆசிரியரை, கூட வாசிக்கும் தோழர்களை, வேறு கவலையில்லாமல் சாதகம் செய்ய நான்கு ஆண்டுகளை. இவை விலைமதிப்புள்ளவைதான். ஆனால் எந்த விலைக்கு?

பாஸ்டனில் உள்ள பெர்க்லி நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். 2014இல் ஏ.ஆர். ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த கல்லூரி. அங்கும் நியூயார்க்கின் ஜூலியார்டிலும் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுச் செலவு 70,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. உதவித்தொகை இல்லாமல் நான்கு ஆண்டு படித்தால் கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் அமெரிக்க மாணவர், இளநிலைப் படிப்புக்குத் தன் பெயரில் அரசிடம் வாங்கும் கடனுக்கு வரம்பு உண்டு. முதலாண்டு 5,500 டாலர், அடுத்த ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டில் 27,000 டாலர். ஆறரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை 307 டாலர் அளவில் வரும். ஐந்தாறு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தும், வார இறுதியில் கல்யாண வரவேற்புகளில் வாசித்தும் இதைக் கட்டிவிடலாம். கழுத்தை நெரிப்பது இதற்கு மேல் வாங்குவது. பெற்றோர் தம் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனும் தனியார் கடனும் சேர்ந்து ஒரு லட்சம் டாலர் ஆகிவிட்டால், ஒன்பது சதவீத வட்டிக்குப் பத்தாண்டுகள் மாதம் 1,267 டாலர் கட்ட வேண்டும். மொத்தம் 1,52,000 டாலர். திவாலானாலும் அந்நாட்டில் கல்விக் கடன் லேசில் தள்ளுபடி ஆவதில்லை.

வருமானம் எப்படி? நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 2024இல் தன் கலைஞர்களோடு செய்த ஒப்பந்தப்படி, அடிப்படை ஊதியம் 2026-27இல் ஆண்டுக்கு 2,05,000 டாலராக உயர்கிறது. கல்லூரி விளம்பரங்கள் நம் கண்ணில் காட்டுவது இந்த உச்சியைத்தான். அப்படிச் சம்பளம் தரும் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காரில் ஓடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் இந்தப் பிழைப்புக்கு ‘ஃப்ரீவே ஃபில்ஹார்மோனிக்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை இசைக்கலைஞர்களுக்கு மணிக்கணக்கு ஊதியத்தை மட்டுமே வெளியிடுகிறது. நடுநிலைக் கலைஞருக்கு அது சுமார் 40 டாலர். ஆண்டு வருமானக் கணக்கை அது தருவதில்லை, ஏனென்றால் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் என்ற உறுதி இல்லை. வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வருகிறது.

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் இந்தக் கல்விக் கடனில் கை வைத்திருக்கிறது. 2026 ஜூலை முதல் பேரன்ட் பிளஸ் கடன், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று சுருங்குகிறது. இது நல்ல வேலி. இன்னொரு விதி, ஒரு படிப்பை முடித்தவர்களின் நடுநிலை வருமானத்தை, பள்ளிப்படிப்போடு நின்றுவிட்டவர்களின் வருமானத்தோடு ஒப்பிடுகிறது. மூன்றில் இரண்டு ஆண்டு அதற்குக் கீழே போனால் அந்தப் படிப்புக்கு அரசுக் கடன் நிற்கும். இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். இந்த அளவுகோலில் வருமானம் மட்டுமே இருக்கிறது, கடன் இல்லை. குறைந்த கட்டணத்தில், கடனே இல்லாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பும் மாநிலப் பல்கலைக்கழக இசைத்துறையையும், லட்சக்கணக்கில் கறக்கும் தனியார் கல்லூரியையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமா? பாடம் சொல்லிப் பாடம் சொல்லி மெல்லப் பெயர் வாங்கும் கலைஞரைப் படிப்பு முடிந்த நான்காம் ஆண்டிலேயே எடைபோடுவதும் சரியில்லை.

கடனில்லாத கதவுகளும் திறந்திருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளி 1924இல் தொடங்கியது. 1928 முதல் அங்கே யாரிடமும் பாடக் கட்டணம் வாங்குவதில்லை. லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் படித்த இடம் அது. லாஸ் ஏஞ்சலஸின் கோல்பர்ன் கன்சர்வேட்டரி கட்டணத்தோடு தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் கொடுக்கிறது. யேல் பல்கலைக்கழக இசைப்பள்ளி, 2005இல் கிடைத்த 10 கோடி டாலர் நன்கொடையால் முதுநிலை மாணவர்களின் கட்டணத்தை நீக்கியது. நுழைவது மிகக் கடினம், சந்தேகமில்லை. அதற்கு அடுத்தபடி அந்தந்த மாநிலத்து மாணவருக்குச் சலுகைக் கட்டணம் தரும் இண்டியானா, வடக்கு டெக்சாஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள். 1947இலேயே ஜாஸ் இசைக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது வடக்கு டெக்சாஸ்.

வேலைக்கான உரிமத்துக்கு வழிசெய்யும் இசைப் பட்டமும் உண்டு: இசைக் கல்வி. பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருந்து, மாநில உரிமம் பெற்றால், அரசுப் பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவையோ சேர்ந்திசைக் குழுவையோ நடத்தலாம். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுச் சேவையில் இருந்துகொண்டே 120 தவணைகள் கட்டியவரின் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும். ‘வாசிக்கத் தெரியாதவர்கள்தான் வாத்தியார் வேலைக்குப் போவார்கள்’ என்று இதைத் தாழ்த்திப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. முப்பது பிள்ளைகளை ஒரே சுருதியில் நிறுத்துவது சின்ன வித்தையா?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பிள்ளையை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குக் கணக்கு இன்னும் கடுமை. அமெரிக்க அரசுக் கடன் நமக்குக் கிடையாது. இங்குள்ள வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். 50 லட்சம் ரூபாய்க்கு, பத்து சதவீதத்தில், 15 ஆண்டுகளுக்கு மாதம் கிட்டத்தட்ட 53,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்க, இசை நிகழ்த்துப் படிப்புக்கு 12 மாத அனுமதி மட்டுமே. பொறியியல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்குக் கிடையாது. அதன்பின் ஊர் திரும்பினால், டாலர் செலவை ரூபாய்ச் சம்பாத்தியத்தில் அடைக்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள்: எங்கள் பிள்ளைக்கு வாரந்தோறும் நேரில் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர் யார்? உதவித்தொகை நான்கு ஆண்டும் தொடருமா? சென்ற ஐந்தாண்டில் இந்த வாத்தியம் படித்து முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? கூச்சப்படாமல் உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். நல்ல வாசிப்புக்கு அவர்கள் விலையைக் குறைப்பதுண்டு. பதில் மழுப்பலாக வந்தால், வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.