பூனையைத் தேடிய இருவர்: வகுப்பறைக்கு வரும் இருமொழி நாடகம்

சிங்கப்பூரில் 1988-ஆம் ஆண்டு ஒரு நாடகம் மேடையேறியது. அதன் பெயரைத் தமிழில் 'பூனையைத் தேடும் அம்மா' என்று சொல்லலாம். உருவாக்கியவர் குவோ பாவ் குன். கதை எளியது. வயதான ஒரு தாய்க்கு ஹொக்கியன் என்னும் சீன வழக்கு மொழி மட்டுமே தெரியும். அவருடைய பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரின் சீனமும் படித்து வளர்ந்தவர்கள். ஒரே வீட்டில் இருந்தும் தாயின் பேச்சு பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அவர் பேசுவதைக் கேட்க ஒரு பூனைதான் மிச்சம். அதுவும் ஒருநாள் காணாமல் போகிறது.

பூனையைத் தேடிப் போகும் வழியில் அவர் ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கிறார். அந்த முதியவரும் தன் பூனையைத் தேடிக்கொண்டிருப்பவர்தான். இவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு ஹொக்கியன் தெரியாது. ஆளுக்கொரு மொழியில் பேசுகிறார்கள். கையாலும் முகத்தாலும் காட்டுகிறார்கள். இருவருக்கும் புரிந்துவிடுகிறது. பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காத செவி, மொழி தெரியாத ஒருவரிடம் கிடைக்கிறது.

ஆங்கிலம், மாண்டரின், ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், மலாய், தமிழ் எனப் பல மொழிகள் ஒலித்த நாடகம் இது. மொழிபெயர்த்துச் சொல்லும் நாடகம் அல்ல. மொழிகள் ஒன்றோடொன்று மோதுவதும் இணைவதுமே இதன் கதை. இவ்வகை நாடகத்தை நம் வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவரலாம், ஏன் கொண்டுவர வேண்டும் என்பதை ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

செட்டிநாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காரைக்குடிப் பகுதியில் பணிபுரியும் எனக்கு இந்த நாடகம் தொலைதூரச் செய்தியாகத் தோன்றவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் செய்தவர்கள் இவ்வூர்க்காரர்கள். 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியதும் அவர்களே. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் எனப் போன இடமெல்லாம் வேற்று மொழியில் கணக்குப் பேசி வாழ்ந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் விருந்தில் பரிமாறும் கவுனரிசியும் அந்தப் பயணத்தின் மிச்சங்கள்.

மொழி தெரியாத ஊரில் போய் இறங்கிய அனுபவம் உள்ள மண் இது. இன்று அதே அனுபவத்தோடு வேறு சிலர் நம் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். கட்டட வேலைக்கும் உணவகப் பணிக்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நம் மாநிலத்துக்குள்ளேயே வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளும் உண்டு. பரமக்குடியில் சௌராஷ்டிரம், நரிக்குறவர் குடியிருப்புகளில் வாக்ரிபோலி, பல ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கலாம்.

இக்குழந்தைகளில் பலர் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பேசாத குழந்தையைப் 'பின்தங்கிய மாணவர்' என்று குறித்துவிடுவது எளிது. ஆனால் கணக்கு தெரியாமல் பேசாமலிருப்பதும், கேள்வி புரியாமல் பேசாமலிருப்பதும் வேறுவேறு. இரண்டாவதை முதலாவதாக எண்ணிக் குறித்துவிட்டால், அந்தக் குறிப்பு அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் அக்குழந்தையோடு போகும். பள்ளியை விட்டு நின்றுபோகவும் அதுவே காரணமாகலாம்.

இருமொழி நாடகத்தின் மூன்று வகைகள்

உலகில் இவ்வகை நாடகங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கின்றன.

முதலாவது, ஒரே நாடகத்தை ஒருநாள் ஒரு மொழியிலும் மறுநாள் மற்ற மொழியிலும் நடத்துவது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1973-இல் தொடங்கப்பட்ட 'இருமொழிக் கலை அறக்கட்டளை' இப்படி ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் நாடகங்களை நடத்தியது. தாத்தாவும் பேரனும் ஒரே கதையைத் தத்தம் மொழியில் பார்க்க இது வழிசெய்தது.

இரண்டாவது, ஒரே நாடகத்துக்குள் இரு மொழியையும் கலந்து பேசுவது. 1965-இல் கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் 'எல் தியேட்ரோ காம்பெசினோ' என்ற குழுவைத் தொடங்கினார். 'உழவர் நாடகக் குழு' என்பது அதன் பொருள். நடித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. லாரியின் பின்தட்டே மேடை. 'முதலாளி', 'வேலைநிறுத்தக்காரர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து நடித்தார்கள். தொழிலாளி முதலாளியாகவும், முதலாளி தொழிலாளியாகவும் இடம் மாறும் குறுநாடகம் அவர்களுடைய புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்று.

மூன்றாவது, ஒவ்வொரு பாத்திரமும் தன் மொழியிலேயே பேசுவது. தொடக்கத்தில் சொன்ன சிங்கப்பூர் நாடகம் இவ்வகை.

இது நமக்குப் புதிதல்ல. பழைய வடமொழி நாடகங்களில் அரசன் சமஸ்கிருதத்திலும் பெண்களும் எளிய மக்களும் பிராகிருதத்திலும் பேசுவார்கள். கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன் சமஸ்கிருதச் செய்யுளை மலையாளத்தில் விளக்குவான். 1684-இல் தஞ்சை அரியணை ஏறிய மராட்டிய மன்னர் சகஜியின் 'பஞ்சபாஷா விலாசம்' தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம், இந்தி என ஐந்து மொழிகளில் அமைந்தது. மெலட்டூரில் தமிழ் மக்கள் முன்னிலையில் தெலுங்கு பாகவத மேளா நாடகம் இன்றும் நடக்கிறது.

தெரியாத மொழி எப்படிப் புரிகிறது?

மேடையில் சொல் தனியாக வருவதில்லை. குரல், முகம், பொருள், சூழல் ஆகியவற்றோடு சேர்ந்தே வருகிறது. காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டி ஒருவர் எந்த மொழியில் பேசினாலும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். இதற்கு உதவும் உத்திகள் சில:

1. எதிரொலி: ஒருவர் தம் மொழியில் கேட்டதை, மற்றவர் தம் மொழியில் திருப்பிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வார். பார்ப்பவருக்கு இரண்டும் கிடைக்கும்.
2. இடையாள்: நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் போல ஒருவர் இரு பக்கமும் விளக்குவார். வேண்டுமென்றே தவறாக விளக்கினால் நகைச்சுவை பிறக்கும்.
3. அட்டை: பாத்திரத்தின் பெயரையோ இடத்தையோ இரு மொழியிலும் எழுதி மாட்டுவது.
4. கையில் பொருள்: ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் ஒரு பொருள்.
5. திரும்ப வரும் தொடர்: ஒரே வாக்கியம் மூன்று நான்கு முறை வந்தால் பார்ப்பவர்களும் சேர்ந்து சொல்லத் தொடங்குவார்கள்.

கவனித்தால் இவை அனைத்தும் நல்ல மொழிப்பாடத்தின் உத்திகளே என்பது விளங்கும்.

என் வகுப்பில் நடந்தது

ஐந்தாம் வகுப்பில் வீட்டில் இந்தி பேசும் மாணவி ஒருத்தி சேர்ந்திருந்தாள். வருகைப் பதிவின்போது சொல்லும் "உள்ளேன் அம்மா" தவிர அவளிடமிருந்து வேறு சொல் வருவது அரிது. அவளை மனதில் கொண்டு ஒரு சிறு நாடகத்தைத் திட்டமிட்டேன்.

ஒரே ஒலியில் தமிழிலும் இந்தியிலும் வெவ்வேறு பொருள் தரும் சொற்களை எடுத்துக்கொண்டோம். 'மோர்' என்றால் நமக்குக் குடிக்கும் மோர், இந்தியில் மயில். 'கல்' நமக்குக் கல். இந்தியில் நேற்று அல்லது நாளை. 'பால்' நமக்குப் பால். இந்தியில் ஏறத்தாழ அதே ஒலியில் வரும் சொல்லுக்குத் தலைமுடி என்று பொருள். கடைக்கு வந்த வெயில் களைத்த தாத்தா "மோர் வேணும் பாப்பா" என்கிறார். கடைக்காரச் சிறுமி வியந்து, தோகை விரித்து ஆடிக் காட்டுகிறாள். இவ்வளவுதான் கதை.

ஒத்திகையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மயில் எப்படி ஆடும், இந்தியில் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மற்றவர்கள் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் உச்சரிப்பை அவள் திருத்தினாள். அதுவரை திருத்தப்படுபவளாகவே இருந்தவள் திருத்துபவளானாள். மூன்றாம் நாள், தாத்தாவாக நடித்த மாணவன் வசனத்தை மறந்து நின்றபோது, "மோர் வேணும்னு சொல்லு" என்று தமிழில் எடுத்துக்கொடுத்தது அவள்தான்.

ஒரு நாடகத்தால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாசிப்பில் அவளுக்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு. ஆனால் அதன்பின் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். எந்த இடத்தில் உதவ வேண்டும் என்பது எனக்கும் தெரியத் தொடங்கியது.

நீங்களும் செய்து பார்க்க

தொடக்கநிலை வகுப்புகளுக்கு நான்கு பாடவேளைகள் போதும்.

முதல் வேளை: வட்டமாக அமர்ந்து, தண்ணீர், சோறு, வா, போ, வலிக்கிறது போன்ற பத்துச் சொற்களை வகுப்பிலுள்ள எல்லா வீட்டு மொழிகளிலும் சேகரியுங்கள். தமிழ் எழுத்திலேயே கரும்பலகையில் எழுதலாம்.

இரண்டாம் வேளை: சந்தை, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை என ஒரு சூழலைக் கொடுத்து, ஒருவர் தமிழிலும் மற்றவர் வீட்டு மொழியிலும் மட்டுமே பேச வேண்டும் என்று விதியுங்கள். வசனம் எழுத வேண்டாம், குழந்தைகளே உருவாக்கட்டும்.

மூன்றாம் வேளை: பாத்திரங்களை மாற்றுங்கள். தமிழ்க் குழந்தை மற்ற மொழியையும், மற்ற மொழிக் குழந்தை தமிழையும் பேசட்டும். தமிழ் கற்றல் நிகழ்வது இங்கேதான்.

நான்காம் வேளை: அடுத்த வகுப்பின் முன் நடித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் இதை வரலாற்றோடு இணைக்கலாம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து பெருந்திரளானோர் நடந்தே இந்தியா வந்தனர். அப்படி வந்தவர்களின் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் மாணவர்கள் கேட்டறிந்து வரும் செய்திகளையும் சொற்களையும் கொண்டு ஒரு காட்சி எழுதலாம். மலாய் மொழியில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பல்', கோயிலுக்கு 'குயில்' என்று வழங்குவதைச் சொன்னால், தமிழும் கடல் கடந்து வேற்று மொழியில் குடியேறியிருப்பதை அவர்கள் உணர்வார்கள். நன்கு அமைந்த நாடகத்தைக் கலைத் திருவிழாவுக்கும் கொண்டுபோகலாம்.

எழக்கூடிய கேள்விகள்

"எனக்கு அந்த மொழி தெரியாதே?" தெரிய வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்குக் குழந்தையே ஆசிரியர். ஆசிரியர் கற்பவராக நிற்பதைப் பார்க்கும் வகுப்பு, கற்பது இழிவல்ல என்று புரிந்துகொள்ளும்.

"தமிழ் கற்க வேண்டிய குழந்தையை வேறு மொழி பேசவிட்டால் தமிழ் எப்படி வரும்?" நீந்தப் பழகுபவர் முதலில் கரையைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டு மொழி அந்தக் கரை. எதிரில் நிற்பவர் தமிழில் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய தேவை வருகிறது. தேவையே மொழியை வளர்க்கும். பன்மொழிச் சூழலை வகுப்பறையின் வளமாகக் கருத வேண்டும் என்று தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 கூறுகிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம் 2009 நமக்குத் தந்துள்ள கடமை.

"மதிப்பெண் எப்படித் தருவது?" நடிப்புக்கு மதிப்பெண் வேண்டாம். குழந்தை தானாகப் பேசிய வாக்கியங்கள் எத்தனை, பிறர் சொன்னதைக் கேட்டு நடந்ததா, புதிய தமிழ்ச் சொற்களை மறுநாள் பயன்படுத்தியதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

குழந்தையின் உச்சரிப்பை நகைச்சுவைக்குப் பொருளாக்கக் கூடாது. 'மோர்' நாடகத்தில் சிரிப்பு வருவது சொற்களின் குழப்பத்தால். அதில் இருவருக்கும் சம பங்கு. கொச்சைத் தமிழ் பேசும் வடநாட்டுக்காரர் என்ற பாத்திரம் வந்தால் அந்தச் சமன் குலைந்துவிடும். அதேபோல், ஒரு குடும்பத்தின் வறுமையையோ இடப்பெயர்வையோ அவர்கள் விருப்பமின்றிக் கதையாக்கக் கூடாது. பேச மறுக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். மரமாக நிற்பதும் மணி அடிப்பதும் பாத்திரங்களே. அங்கு நின்றபடியே சில குழந்தைகள் முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

குவோ பாவ் குன் 1939-இல் சீனாவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தவர். மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் எழுதி, 2002-இல் மறைந்தார். அவர் மேடையில் இரு முதியவர்களுக்கும் பொதுவாக இருந்தது காணாமல் போன பூனைகள். நம் வகுப்பறையில் குழந்தைகளுக்குப் பொதுவாக இருப்பவை இன்னும் பல: பசி, விளையாட்டு, மழை, மணியோசை, மதிய உணவு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். உங்கள் வகுப்பில் இதுவரை பேசாத குழந்தை யார் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தை அந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம்.