அம்பாசிடரா, பத்மினியா... எது கெத்து?

வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் தாத்தா சாய்ந்து நிற்கும் கார் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடர். இன்னொன்று, இத்தாலியின் ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி.

இன்ஜின்: அம்பாசிடரில் பல ஆண்டுகள் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 ஹெச்பி. பத்மினியில் 1,089 சிசி. சுமார் 40 ஹெச்பி.

அப்படியானால் அம்பாசிடர்தான் வேகமா? அங்குதான் ட்விஸ்ட். பத்மினியின் எடை 900 கிலோவுக்குள். அம்பாசிடரோ 1,100 கிலோவைத் தாண்டும். கூடுதல் பவரை எடையே தின்றுவிடும். எடைக்கேற்ற பவரில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான்!

ஓட்டும் விதம்: நெரிசலில் வளைத்து நெளித்து ஓட்ட பத்மினி சுலபம். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு மேடு ஏற அம்பாசிடரின் இழுவைத் திறன் கைகொடுக்கும். மும்பை டாக்ஸி என்றால் பத்மினி, கொல்கத்தா டாக்ஸி என்றால் அம்பாசிடர் என்றே பெயர் நிலைத்தது.

பிரேக்: பழைய மாடல்கள் இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். இன்றைய கார் போல சட்டென நிற்காது. முன்னால் செல்லும் வண்டியிடமிருந்து இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் விடைபெற்றது.

ஆசைக்கு ஒன்று வாங்கப்போகிறீர்களா? பாலிஷில் மயங்காமல் அடித்தட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!