மடித்த காகிதத்தில் வடிவ கணிதம்

காகிதத்தை வெட்டாமலும் ஒட்டாமலும், மடித்தே பறவை, மீன், மலர் முதலிய உருவங்களை அமைக்கும் கலையை ஜப்பானியர் ஓரிகாமி என்பர். ‘ஓரி’ மடித்தலையும், ‘காமி’ காகிதத்தையும் குறிக்கும். இக்கலையை உலகறியச் செய்தவர்களுள் அகிரா யோஷிசாவா (1911–2005) தலைசிறந்தவர். கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் மடிப்புகளை விளக்கும் அவருடைய முறை 1954ல் வெளியான நூலின் வாயிலாகப் பரவியது. ஜப்பானிய மொழி அறியாதாரும் அவ்வுருவங்களை மடிக்கக் கற்றனர்.

குழந்தை விளையாட்டாகத் தோன்றும் இம்மடிப்பு கணிதத்திற்கும் சிறந்த கருவியாகும். இதனை விரிவாக எடுத்துக்காட்டிய நூலொன்று 1893ஆம் ஆண்டில் சென்னையிலேயே அச்சாயிற்று. அதன் ஆசிரியர் தண்டலம் சுந்தர ராவ், கும்பகோணம் கல்லூரியில் பயின்று, வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராகப் பணியாற்றியவர். ஜெர்மானியக் கல்வியாளர் பிராபெல் வகுத்த குழந்தைக் கல்வி முறையில் இடம்பெற்ற காகித மடிப்பே அவருக்குத் தூண்டுதலாயிற்று. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் நூலொன்றில் குறிப்பிட்டார். அதன் பயனாக 1901ல் சிகாகோ நகரில் இதன் அமெரிக்கப் பதிப்பு வெளிவந்தது.

மூன்று எளிய சோதனைகள்

முதலாவது, செங்கோணம். ஒழுங்கற்ற காகிதத் துண்டு ஒன்றை மடித்தால் நேர்கோடு கிடைக்கும். அக்கோடு தன்மேல் தானே பொருந்துமாறு மீண்டும் மடித்தால், 180 பாகை இரு சமபாகங்களாகி 90 பாகை அமையும். நாற்றங்கால் மூலையையோ கட்டட அடித்தளத்தின் மூலையையோ சரிபார்க்க இதுவே மூலைமட்டமாக உதவும்.

இரண்டாவது, சமபக்க முக்கோணம். சதுரக் காகிதத்தை நெடுக்காக இரண்டாக மடித்து விரித்தால் நடுக்கோடு தோன்றும். கீழ் இடது மூலை வழியாக மடிப்பு செல்லுமாறு, கீழ் வலது மூலையை நடுக்கோட்டின்மேல் வைக்க வேண்டும். அது தொட்ட புள்ளியும் கீழ் மூலைகள் இரண்டும் சமபக்க முக்கோணத்தின் உச்சிகளாகும். மடிப்பினால் நீளம் மாறுவதில்லை என்பதே இதன் காரணம்.

மூன்றாவது, தொடர். சதுரத்தின் நான்கு மூலைகளையும் மையத்திற்கு மடித்தால், பாதிப் பரப்புள்ள சதுரம் கிடைக்கும். இவ்வாறே தொடர்ந்தால் கால், அரைக்கால் எனப் பரப்பு குறைந்துகொண்டே செல்லும். 1/2, 1/4, 1/8 என முடிவின்றிக் கூட்டினால் தொகை ஒன்றை நெருங்கும் என்பதை மாணவர் கண்ணாலேயே காண்பர்.

கவராயத்தையும் விஞ்சிய மடிப்பு

எக்கோணத்தையும் மூன்று சமபாகமாக்குதல் அளவுகோலாலும் கவராயத்தாலும் இயலாது என்று 1837ல் பிரெஞ்சு அறிஞர் வான்ட்செல் நிறுவினார். ஆனால் இரு புள்ளிகளை இரு கோடுகளின்மேல் ஒரே மடிப்பில் பொருத்தினால், முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்க முடியும் என்று 1936ல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக் காட்டினார். ஆகவே அக்கோணப் பிரிவும் மடிப்பினால் கைகூடும். ஜப்பானிய அறிஞர் கோர்யோ மியூரா வகுத்த மடிப்பு முறையோ, 1995ல் விண்ணில் ஏவப்பட்ட ஜப்பானியக் கலத்தின் சூரிய ஒளித் தகடு விரியப் பயன்பட்டது.

கருவிப் பெட்டி இல்லாத பள்ளிகள் பல உண்டு. பழைய தாள் இல்லாத பள்ளி அரிது. கரும்பலகையில் வரைந்த கோணத்தை மாணவன் நம்ப வேண்டியுள்ளது. தான் மடித்த கோணத்தையோ அவன் பொருத்திப் பார்த்துத் தெளிகிறான். ஆசிரியர் செய்யவேண்டுவது, ஒவ்வொரு மடிப்பின் பின்னும் ‘ஏன்?’ என்று வினவுதலே.