கண்ணாடி இழையும் காலக்கெடுவும்

"பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை" என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர் பலர். அந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்தி எவ்வழியே வந்து சேருகிறது, அவ்வழியை அமைப்போர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒளியிழைக் கருவிகளை உருவாக்கும் பணியைத் திட்டமிட்டு நடத்துவது தனியொரு தொழில். தருமபுரி மாவட்டத்து இல்லங்கள் அதனை அறிந்துகொள்வது நலம்.

இழையின் கதை

தலைமுடியளவே பருமனுள்ள கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளி அடைபட்டு ஓடுகிறது. 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர், ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலும் தொலைத்தொடர்புக்கு அது போதும் என்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையை உருவாக்கியது. இன்றைய நல்ல இழையில் அதே தூரத்தில் 100-க்கு 95 பங்கு எஞ்சுகிறது. காவின் பணிக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இழை வெறும் பாதைதான். செய்தியை ஒளியாக்கி அனுப்பவும், மறுமுனையில் ஒளியை மீண்டும் செய்தியாக்கவும் கருவிகள் வேண்டும். அவற்றை உருவாக்குவதில்தான் மேலாண்மையின் அருமை விளங்குகிறது.

விருந்தும் கருவியும்

வலீமா விருந்துக்கு அடுப்பு மூட்டியாயிற்று, தேக்சாவும் ஏறிவிட்டது. அரிசி மட்டும் வந்து சேரவில்லை என்றால் என்னவாகும்? ஒளியிழைக் கருவியின் நிலையும் அதுவே. மின்சுற்றுப் பலகை அமைப்போர், லேசர் பகுதியைக் கவனிப்போர், மென்பொருள் எழுதுவோர், பெட்டியை வடிவமைப்போர், பாகங்களை வாங்குவோர் எனப் பல குழுவினர் ஒரே நாளை நோக்கி உழைக்கின்றனர். ஒரு சிப் வரத் தாமதித்தாலும் மற்றவை அனைத்தும் காத்துக் கிடக்கும். மென்பொருளில் பிழை நேர்ந்தால் திருத்தி அனுப்பிவிடலாம். மின்சுற்றுப் பலகையில் பிழை நேர்ந்தாலோ புதிதாகச் செய்து வாங்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மாதிரிக் கருவி, வெப்பச் சோதனை, களச் சோதனை, அதன் பின்னரே பெருமளவு உற்பத்தி என்று படிப்படியாகச் செல்வதும், முக்கியப் பாகங்களுக்கு மாற்று வழி தேடி வைப்பதும் திட்ட மேலாளரின் கடமையாகும்.

நாடு கற்ற பாடங்கள்

1984-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சி-டாட் நிறுவனம், 36 மாதங்களில் 36 கோடி ரூபாயில் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்க முனைந்தது. பெரிய இணைப்பகம் காலக்கெடுவைத் தாண்டியது. ஆனால் கிராமங்களுக்கான சிறிய இணைப்பகம் பெரும் வெற்றி கண்டது. குளிர்சாதன வசதியின்றி, வெப்பத்தையும் தூசியையும் தாங்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்ததே காரணம்.

பின்னர் அதே நிறுவனம் ஒளியிழைக் கருவிகளையும் உருவாக்கிற்று. சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, இரண்டே ஆண்டுகளில் முடியும் என எதிர்பார்க்கப்பட்டது. எனினும் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. பள்ளம் தோண்ட அனுமதி, கேபிள் பதிப்பு என்று பாதை அமைப்பதிலேயே காலம் கரைந்தது. கருவி ஆயத்தமானால் மட்டும் போதாது, அது சென்று சேரும் இடமும் ஆயத்தமாக வேண்டும் என்பதே இதன் பாடம்.

தருமபுரியின் களம்

பாரத்நெட் எனப்படும் அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தமிழகத்தில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. அப்போது மாநிலத்தில் இருந்த 12,525 ஊராட்சிகளில் 251 தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. கேபிளின் பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியே கொண்டு செல்வதும், ஊராட்சிக் கட்டடத்தில் ரூட்டரும் யு.பி.எஸ்ஸும் வைப்பதும் திட்டத்தின் முறையாகும்.

இனி எண்ணிப் பாருங்கள். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ ஒரு ரூட்டர் பழுதானால் அதைச் சீராக்க ஒருவர் மலையேற வேண்டும். அதுவரை அவ்வூராரின் சான்றிதழ் விண்ணப்பமும் மாணவரின் பாடமும் தடைப்படலாம். கோடை வெப்பம், மின்தடை, இணைப்பு முனையில் படியும் தூசி ஆகிய யாவற்றையும் வடிவமைக்கும் மேசையிலேயே எண்ணியிருந்தால் அப்பயணங்களுள் பல தேவைப்படா. சின்னஞ்சிறு கிராமத்தை அறிந்தவருக்கே இத்தேவை தெளிவாக விளங்கும்.

நம் பிள்ளைகளுக்கு

செட்டிக்கரையில் 2013 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்கி வருகிறது. ஒளியிழைக் கருவிகளை வடிவமைக்கும் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் அண்டையிலுள்ள பெங்களூரில் செயல்படுகிறது. மென்பொருள் ஒன்றே வாழ்வளிக்கும் என்றெண்ணாமல், மின்னணுவியல் பயிலும் மகனையும் மகளையும் ஊக்குவியுங்கள். பட்டயப் படிப்பு முடித்தோருக்கும் சோதனை, தரக் கட்டுப்பாடு, இழை இணைப்பு, கொள்முதல் ஆகிய துறைகளில் இடமுண்டு.

கணக்கு எழுதும் பழக்கம், சொன்ன நாளில் சொன்னதைச் செய்யும் நாணயம், தாமதம் நேருமென்றால் முன்கூட்டியே வாய்திறந்து சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் நல்ல திட்ட மேலாளருக்கு இன்றியமையாதவை. இவற்றுக்கு முதற்பள்ளி கல்லூரியன்று, நம் வீடே.