மாத்திரை உண்டும் மாறாத அசதி

"க்ஷீணமுண்டோ?" என்று மலையாள டாக்டர் வினவுகிறார். "உண்டு" என்று நம் இல்லத்தரசி விடை கூறுகிறார். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவும் மிகுந்திருப்பதைக் கண்டு, 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரையை 75 ஆக உயர்த்தி எழுதுகிறார் டாக்டர். இந்தச் சுருக்கமான உரையாடலில் முக்கியமான செய்தி ஒன்று விடுபட்டுப் போயிற்று. அந்த அம்மையார் நாள்தோறும் மாத்திரையை விழுங்குவது காலைக் காப்பியுடன்!

திருவனந்தபுரத்தில் குடியேறிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரும், வலியசாலையிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலைக் காப்பியை விட்டதில்லை. விடும்படி கூற நானும் துணியேன். ஆயினும், காப்பியுடன் சேர்ந்தால் இம்மருந்து உடலில் சரிவர ஏறுவதில்லை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே அதனை உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் சென்ற பிறகே காப்பி பருகுதல் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கோ 4 மணி நேர இடைவெளி அவசியம். அளவை உயர்த்திய பின், ஒருநாள் திடீரென முறைப்படி உண்ணத் தொடங்கினால் அவ்வளவே மிகையாகிப் படபடப்பைத் தரக்கூடும். ஆதலால் பழக்கத்தை மாற்றுவதையும் டாக்டரிடம் கூறிவிடுதல் நலம்.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் வைத்தியர், தைராய்டு குன்றித் தளர்ந்திருந்த மாது ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். அம்மாது மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தனவாம்! இன்று கடுகளவுக்குச் சற்றே பெரிய மாத்திரை ஒன்று போதும்; அதனாலேயே அதனை நாம் அலட்சியமாகக் கருதிவிடுகிறோம் போலும்.

அளவை மாற்றியதும் மறுவாரமே தெம்பு வரவில்லையென்று அங்கலாய்ப்போர் உளர். உட்கொண்ட மருந்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 7 நாட்கள் ஆகும். ஆகையால் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை செய்கிறார்கள். அதற்குள் பொறுமையிழந்து, தாமாகவே ஒன்றை இரண்டாக்கி விழுங்குவது ஆபத்து. இதயத் துடிப்பு தாறுமாறாகும்; நாளடைவில் எலும்பும் நலியும். முதியோரும் இதயநோய் உள்ளோரும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். கருவுற்ற பெண்களுக்கோ கூடுதல் மருந்து தேவைப்படுவது இயல்பு; அவர்கள் தாமதமின்றி டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

நாகர்கோவிலுக்கோ நெல்லைக்கோ விடுமுறையில் செல்லும்போது, அங்கே வேறு கம்பெனி மாத்திரை வாங்க நேர்ந்தால் அதையும் குறித்து வைத்துச் சொல்லுங்கள். குப்பியைச் சமையலறை அடுப்பருகே வைக்காதீர்கள். வெப்பமும், நம் ஊர் மழைக்கால ஈரமும் அதற்கு ஆகா.

டி.எஸ்.எச். சரியாக இருந்தும் அசதி நீங்கவில்லையா? அப்போது குற்றம் தைராய்டின்மீது இல்லாமலிருக்கலாம். இரத்தசோகை, நீரிழிவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கம், மரக்கறி உணவினரிடம் காணும் பி-12 குறைவு ஆகியவற்றையும் ஆராயச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து பதினொரு மணிக்குப் படுக்கும் மாதரின் களைப்பைக் காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை. அதை வீட்டிலுள்ள ஆண்மக்கள் கவனிக்கட்டும்.

முடி உதிராமலிருக்கப் பயோட்டின் உண்போர், பரிசோதனைக்கு முன்பே அதைத் தெரிவிப்பது நல்லது. அது முடிவுகளைப் பொய்யாக்கிவிடும். காலைக் காப்பியை ஒரு கணமும் தள்ளிவைக்க இயலாதோர், இராச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரத்திற்குப் பின், படுக்கும்போது மாத்திரையை உட்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். அப்படி உண்போரும் உண்டு.