கவிழ்த்துப் பாருங்க பாஸ்!

பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் ட்ரிப். காலையில பீச், மதியம் மீன் சாப்பாடு, சாயங்காலம் சும்மா ஒரு ரவுண்டு. அப்போதான் கண்ணுல படும் அந்தக் குட்டிக் கடை. மரப்பலகையில் மண் நிறக் கப்புகள், கொஞ்சம் கோணலா ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு பொடிச் செடி. ஓரமா, பாசி சுத்தின மண் உருண்டையில இருந்து எட்டிப் பார்க்கிற ஒரு பெரணி. (அதுக்குப் பேர் கொக்கேடாமா. ஜப்பான் மொழியில் பாசிப் பந்து!)

'செம க்யூட்'னு கப்பை எடுக்கறீங்க. கவிழ்த்து விலையைப் பார்க்கறீங்க. எடுத்த வேகத்துலயே திரும்ப வெச்சிடறீங்க. 'டீ குடிக்கிற கப்புக்கு இவ்வளவா?'

ஒரு நிமிஷம். கவிழ்த்ததுதான் கவிழ்த்தீங்க, விலைச் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற அடிவட்டத்தையும் பாருங்க. ஜப்பானில் தேநீர்ச் சடங்குக்குப் போனால், குடித்து முடித்ததும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அடிப்பக்கம் வரை ரசிப்பது வழக்கம். பூச்சு படாத வெறும் மண் தெரிகிற இடம் அதுதான். என்ன மண், எப்படிச் சீவியிருக்காங்க, எங்கே விரல் பட்டிருக்குன்னு எல்லாத்தையும் அது போட்டுக் கொடுத்துடும்.

சரி, ஜப்பான் சமாச்சாரம் பாண்டிக்கு எப்படி வந்தது? 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். பேர், கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. டெபோரா, ஜப்பானின் பிஸென் ஊரில் மண் வேலை கற்றவர். இந்தியாவில் இன்று பேர் சொல்லும் ஸ்டூடியோ பாட்டர்கள் பலர் இந்தப் பட்டறையில் பயின்றவர்கள். பாண்டியைச் சுற்றி இத்தனை மண்பாண்ட ஸ்டூடியோக்கள் முளைத்ததற்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கு.

பிஸென் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். அந்த ஊர்ப் பானைக்கு கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சே கிடையாது. பைன் விறகு போட்டு, சூளையை ஒரு வாரம், பத்து நாள், சமயத்துல அதுக்கு மேலயும் எரிப்பாங்க. ராத்திரியிலும் யாராவது ஒருத்தர் விறகு போட்டுக்கிட்டே இருக்கணும். பறக்கிற சாம்பல் பானை மேல விழுந்து உருகி, தானே பூச்சாகிடும். சில பானைகள்ல வைக்கோலைச் சுத்தி வெப்பாங்க. வைக்கோல் எரிஞ்சு போயிடும். அது தொட்ட இடமெல்லாம் செக்கச் செவேல்னு கோடு! எந்தக் கோடு எங்கே விழும்னு குயவருக்கே முழுசாத் தெரியாது.

இப்போ விலை மேட்டருக்கு வருவோம். நம்ம ஊர் பூந்தொட்டி சாதாரணமா 1,000 டிகிரிக்குள்ள வெந்துடும். இந்தக் கப்புகள் ஸ்டோன்வேர் ரகம், 1,200 டிகிரியைத் தாண்டணும். பிசைஞ்சு, சக்கரத்துல ஏத்தி, நிழல்ல காய வெச்சு, ஒரு தடவை சுட்டு, பூச்சு கொடுத்து, மறுபடி சுடணும். இதுக்குள்ள மண் பத்து சதவீதத்துக்கு மேல சுருங்கிடும். காயும்போது கைப்பிடி விடும். சூளையில் பூச்சு வழிஞ்சு பலகையோட ஒட்டிக்கும். சூளையைத் திறக்கிற நாளைக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. நம்ம செமஸ்டர் ரிசல்ட் மாதிரியேதான், என்ன, இங்கே ரீவேல்யுவேஷன் கிடையாது! பலகையில் நிக்கிற கப்பின் விலைக்குள்ள, குப்பைக்குப் போன கப்புகளின் விலையும் சேர்ந்திருக்கு. அதனால பேரம் பேசறதுக்கு முன்னாடி, 'செகண்ட்ஸ் இருக்கா?'ன்னு கேளுங்க. சின்னக் குறை உள்ளதைத் தனியா, குறைஞ்ச விலைக்குத் தருகிற பட்டறைகள் உண்டு. என் பேனா ஸ்டாண்டு அப்படி வந்ததுதான்.

ஆனா ஏமாறவும் ஏமாறாதீங்க. வரிசையா பத்து கப், பத்துலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி பள்ளம்னா அது கைவேலை இல்லை, அச்சு.

செடி வெச்ச கிண்ணம் வாங்கறீங்களா? அங்கேயும் அடியைத்தான் பார்க்கணும். சாதாரண மண் தொட்டி தண்ணியைக் கசிய விடும். ஸ்டோன்வேர் விடாது. ஓட்டை இல்லைன்னா வேர் அழுகிடும். போன்சாய் தொட்டியில் ஓட்டைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வழியா கம்பி விட்டுத்தான் மரத்தைச் சாயாமக் கட்டி வெப்பாங்க. 'போன்' என்றாலே தட்டுதான். அதனால, தொட்டி பாதி, மரம் பாதி. முக்கியமா, ஆல், இச்சி போன்சாயை ஹாஸ்டல் மேஜையில் பூட்டி வெக்காதீங்க. அதுக்கு வெயிலும் காத்தும் வேணும். ஜன்னல் இல்லாத ரூமா? கப்பை மட்டும் வாங்குங்க.

அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போனா, தைரியமா எடுத்துக் கவிழ்த்துப் பாருங்க. செடி வெச்சதா இருந்தா, கடைக்காரரைக் கேட்டுட்டு!