சம கூலி கேட்டோம். சம்பளச் சீட்டைப் படித்தோமா?

தோட்டப் பாட்டாளித் தோழர்களே!

"சைக்கிள்ல போறப்ப துரை எதிர்ல வந்தா, இறங்கித்தான் நிக்கணும்." நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கட்டுக்கதையல்ல, நடந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

அந்தக் கோரிக்கைகளில் வேறு இரண்டை நாம் மறக்கவே கூடாது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி இந்தியத் தொழிலாளிக்கும் வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்பது மற்றொன்று.

அதே பால்மரம், அதே உளி, அதே பனி. கூலி மட்டும் இரண்டு விதம்! சீனர்கள் குத்தகைக்காரர் மூலம் வந்தார்கள். கூலி கட்டுப்படியாகாவிட்டால் வேறிடம் பார்த்துப் போனார்கள். நம்மவர்களோ லயத்துக்கும் கங்காணிக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். நம் கூலியை முதலாளிமார் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள்.

படிப்பும் அப்படித்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கொட்டகை வந்தது, பல இடங்களில் பயிற்சி பெற்ற வாத்தியார் வரவில்லை. கங்காணியும் கிராணியுமே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

1941 போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது. நம்மவர் ஐவர் சூட்டுக்குப் பலியானார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பிறகு 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. படிப்படியாகக் கூலி ஏறியது. 2013-இல்தான் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025-இல் அது 1,700 வெள்ளியானது. இந்தச் சட்டத்தில் இனப் பாகுபாடு இல்லை. கிள்ளானில் கேட்டதற்கும் இதற்கும் நடுவே 72 ஆண்டுகள்!

"அதான் சட்டம் வந்தாச்சே, இனி என்ன?" என்று கேட்பீர்கள். இனிதான் நம் வேலை இருக்கிறது. 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். அலவன்சையும் மிகைநேரக் காசையும் கூட்டிக் கணக்குக் காட்டினால் ஏமாறக் கூடாது. நிறுவைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கும் இந்த அளவு உண்டு. பக்கத்து லயத்து இந்தோனேசியருக்கும் வங்காளதேசியருக்கும் உண்டு. அவர்களுக்குக் குறைத்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிற இடத்தில் நம் கூலியும் நிலைக்காது. அன்று நம்மை வருத்திய பேதம் இன்று யாரையும் வருத்தக் கூடாது.

இதையெல்லாம் யார் பார்த்துச் சொல்வது? மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைதான். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்; அந்தக் கதவு திறந்துவிட்டது. ஆனால் இடைநிலைப் பள்ளியில் தடுமாறும் பிள்ளையை, "படிச்சது போதும், வேலைக்கு வா" என்று நாமே நிறுத்திவிட்டால் யாரைக் குறை சொல்வது?

கூலியும் படிப்பும் வேறு வேறல்ல என்று 1941-லேயே நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த மாதச் சம்பள நாளில் சீட்டைப் பிள்ளை கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுவோம். கணக்குப் பிசகினால் சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போவோம். அந்தப் பிள்ளையை எஸ்பிஎம் முடிக்கும்வரை பள்ளியை விட்டு நிறுத்த மாட்டோம் என்று முடிவெடுப்போம்.